கொழுந்தனார் வாங்கித் தந்த கன்ட்ரோலர் பொட்டி

எட்டாம் நம்பர் லயம்,
கீழ் கோத்தகிரி.
13-11-2002, புதன்கிழமை.

மரியாதைக்குரிய கொழுந்தனார் பொன்னுத்துரை அவர்களுக்கு,

உங்கள் அண்ணன் காளிமுத்துவின் சம்சாரம் அங்கம்மா வணக்கத்துடன் எழுதிக் கொள்வது. இங்கு நான் சௌக்கியம். கோழி மூன்றும் சௌக்கியம். லைட்டு மட்டும் சௌக்கியமில்லை. அங்கு அருவங்காட்டில் தாங்களும் தேவானையும் பிள்ளைகள் இருவரும் சௌக்கியமாக இருக்க லயத்து மாரியம்மனைக் கும்பிட்டுக் கொள்கிறேன். தேவானையின் முழங்கால் வலிக்கு நான் சொன்ன நொச்சி இலை ஒத்தடம் கொடுத்தாளா என்று அறிய ஆவல். கொடுத்திருக்க மாட்டாள். பரவாயில்லை. கண்டிச் சீமையில் மூணாங் கிளாஸோடு கப்பல் ஏறினவள் நான். எழுத்து கோணலாக இருந்தாலும் சேதி நேராக இருக்கும். பொறுமையாகப் படிக்கவும்.

நிற்க. போன மாசம் தாங்கள் வந்திருந்தபோது வாசலில் நின்று சொன்னது எனக்கு மறக்கவில்லை. "அண்ணி, கார்த்திகை பொறக்குறதுக்குள்ள இந்த லைட்டு எரியணும். எரியலேன்னா டிரங்குப் பெட்டியக் கட்டிக்கிட்டு எங்களோட வந்துரணும். கரடி வர்ற காட்டுல உங்கள இருட்டுல ஒத்தையா விட்டுட்டு எனக்கு சோறு எறங்காது" என்றீர்கள். நானும் சரி என்றேன். நல்ல மனசோடு சொன்னீர்கள், நான் இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் தம்பி, தோட்டத்து நெலவரம் உங்களுக்குத் தெரியாததில்ல. தேயிலைக்கு வெல போனதுல இருந்து ஃபேக்டரிய மூடியாச்சு, லயத்துக்கு வந்த கரண்டையும் புடுங்கியாச்சு, லயத்து வரிசை வீட்டுல பாதி காம்பரா காலி. ஒருத்தர் காம்பராவப் பூட்டிட்டுப் போனா மறுநாளே தோட்டத்து ஆளு வந்து மேல இன்னொரு பூட்டுப் போட்டுடறான். அப்புறம் அது நம்மது இல்ல. நான் இந்தக் காம்பராவ விட்டா விட்டதுதான். பின்வாசல்ல நின்னு பாத்தா உங்க அண்ணன அடக்கம் பண்ணுன மேடு தெரியும். காலைல வாய் கொப்பளிக்கும்போது ஒரு தடவ, தேத்தண்ணி குடிக்கும்போது ஒரு தடவ நான் அந்தப் பக்கம் பாத்துக்குவேன். அருவங்காட்டு குவாட்டர்ஸ் சன்னல்ல இருந்து பாத்தா எதுத்த குவாட்டர்ஸ் கொடியில காயற பனியன்தான் தெரியும். குத்தமாச் சொல்லல, இருக்கறதச் சொல்றேன்.

அதனால இந்த சோலார் லைட்ட எப்பிடியாச்சும் எரிய வெச்சுடணும்னு ரெண்டு வாரமா நான் பட்ட பாட்ட எழுதறேன். ஆத்திரப்படாமப் படிங்க, ஏன்னா முடிவுல உங்க மேலதான் வந்து நிக்குது.

கரடி விஷயத்த மொதல்ல முடிச்சுடறேன், தேவானை அத ஊரெல்லாம் வேற மாதிரி சொல்லிக்கிட்டு இருக்கறதாக் கேள்வி. கரடி என்னையத் தொரத்தவே இல்ல. லைட்டு மங்கிப் போச்சேன்னு உங்க அண்ணன் போட்டோ முன்னாடி நல்லெண்ணெ வெளக்கு ஏத்தி வெச்சுட்டு, பக்கத்துக் காம்பரா தபித்தாள்கிட்ட தீப்பெட்டியத் திருப்பிக் குடுக்கப் போனேன். அஞ்சு நிமிசம் பேசிட்டு வந்தா, உள்ள கரடி ஒக்காந்து வெளக்கு எண்ணெயக் குடிச்சுக்கிட்டு இருக்குது. கோயில் வெளக்குல குடிச்சுப் பழகுனது போல, ஒரு சொட்டு கீழ சிந்தல. நானும் தபித்தாளும் வெளிய நின்னு தட்டு, கரண்டி எல்லாத்தையும் தட்டுனோம். அது மெதுவா எந்திரிச்சு, போட்டோவ ஒரு நக்கு நக்கிட்டு, பின்வாசல் வழியாப் போயிருச்சு. உங்க அண்ணன் உசுரோட இருந்தப்ப ஒரு நாய்க்குட்டியக் கூட மடியில ஏற விட்டதில்ல. அவரு மொகத்த நக்குன மொத ஜீவன் அதுதான். தபித்தாள், "அக்கா, வந்தது சொந்தக்காரங்களா இருக்கும், வந்தவுக கண்ணுல தண்ணி இல்லாததுதான் கொற"ன்னு சொன்னா. நாலு மாசத்துல அன்னைக்குத்தான் நான் சிரிச்சேன். ஆனா எண்ணெ வெளக்கு இனி ஆகாதுன்னு அன்னைக்கே தெரிஞ்சு போச்சு. சோலார் லைட்டுக்குக் கரடி வராது. அதுல குடிக்க ஒன்னுமில்ல.

இப்பப் பொட்டிக்கு வர்றேன். மூடிப்போன பங்களாவுல ஏலம் விட்ட சோலார் பிளேட்ட உங்க அண்ணன் எடுத்தாரு, பேட்டரி கோத்தகிரியில எடுத்தாரு, நடுவுல மாட்டற கன்ட்ரோலர் பொட்டிய மட்டும் நீங்க கோயமுத்தூர்ல இருந்து வாங்கிட்டு வந்தீங்க. ஞாபகம் இருக்கட்டும். அந்தப் பொட்டி செவுத்துல சோப்பு டப்பா அளவுக்குத்தான் இருக்கும், ஆனா உங்க அண்ணன் அதப் பத்திப் பேசறப்ப பெரிய தொரையப் பத்திப் பேசற மாதிரி கொரலத் தாழ்த்திக்குவாரு. "அங்கு, பிளேட்டு சம்பாரிக்குது, பேட்டரி சேத்து வெக்கிது, லைட்டு செலவு பண்ணுது. இந்தப் பொட்டிதான் நடுவுல நிக்கிற கங்காணி. இது பாத்து விட்டாத்தான் ஒருத்தரு இன்னொருத்தருக்குத் தர முடியும்"பாரு. மூணு சின்ன பல்பு. பச்ச எரிஞ்சா வெயிலு பேட்டரிக்குள்ள போகுது. மஞ்ச எரிஞ்சா பேட்டரிக்கு வயிறு நெறஞ்சுருச்சு. செவப்பு எரிஞ்சா பேட்டரிக்குப் பசி, லைட்ட நிப்பாட்டிருவேன்னு அர்த்தம். வயரு மாட்டறதுக்கு ஒரு வரிச உண்டு. மொதல்ல பேட்டரி, அப்புறம் பிளேட்டு, கடைசியா லைட்டு. கழட்டறப்ப தலகீழா, லைட்டு மொதல்ல போகணும், பேட்டரி கடைசியாப் போகணும். "கல்யாண ஊட்டுக்கு மொதல்ல வந்த தாய்மாமன் கடைசியாத்தான் பொறப்படுவான், அப்பிடி வெச்சுக்க"ன்னு சொல்லித் தந்தாரு. அதனால எனக்கு அது மறக்கவே இல்ல.

ஆடி மாசம் நெஞ்சு வலின்னு அவரத் தோட்டத்து ஜீப்புல போட்டுக் கோத்தகிரிக்குக் கூட்டிட்டுப் போனப்ப, பின் சீட்டுல எங் கையப் புடிச்சுக்கிட்டாரு. இத்தன வருஷத்துல சொல்லாத ஒன்னச் சொல்லப் போறாருன்னு நெனச்சேன். "பச்ச எரியுதான்னு பாத்தியா?"ன்னாரு. "எரியுதுங்க"ன்னு சொன்னேன். நான் பாக்கவே இல்ல தம்பி. வெளிய மழ ஊத்துது, பச்ச எங்க எரியும்? அவருகிட்ட நான் சொன்ன கடைசி வார்த்தையே பொய்யாப் போச்சு. சரி, அத விடுங்க.

அவரு போனதுக்கப்புறம் புரட்டாசி வரைக்கும் லைட்டு நல்லாத்தான் எரிஞ்சுது. ஐப்பசி பொறந்ததுல இருந்துதான் மங்க ஆரம்பிச்சுது. பச்ச பல்பு பகல்ல மினுக்கு மினுக்குன்னு இருக்குது, எரியுதா இல்லையான்னு கண்ணுக்கு மேல கைய வெச்சுக்கிட்டுப் பாக்கணும். சாயங்காலம் லைட்டப் போட்டா பத்தே நிமிசத்துல செவப்பு வந்து நிக்கிது. நீங்க வந்தப்ப பொட்டிய ரெண்டு தட்டு தட்டிக் காது வெச்சுக் கேட்டீங்க, பலாப்பழம் பாக்கற மாதிரி. "பழுத்துருச்சா?"ன்னு தபித்தாள் கேட்டது உங்க காதுல விழுந்துருக்காது.

நீங்க பஸ் ஏறுன மறுநாளே தபித்தாள் வேலைய ஆரம்பிச்சா. உலகத்துல வர்ற எல்லாக் கோளாறுக்கும் அவகிட்ட ஒரே வைத்தியம், தேச்சுக் கழுவறது. பேட்டரியில வயரு மாட்டற முள்ளுல உப்புப் பூத்த மாதிரி வெள்ளையாப் படிஞ்சு கெடந்துச்சு. "இதுதாங்க்கா, அடப்பு!"ன்னு புளியும் தேங்கா நாரும் எடுத்துட்டு வந்து, குத்துவெளக்குத் தேய்க்கற மாதிரி தேச்சா. பளபளன்னு ஆயிருச்சு. ஒரு பொறி பறந்துச்சு, அவ "ஏசப்பா!"ன்னு ஒரு கத்து, நான் "மாரியாத்தா!"ன்னு ஒரு கத்து, கூரை மேல இருந்த கோழி எறங்கிப் போயிருச்சு. முள்ளு தங்கமா மின்னுது, செவப்பு பல்பும் அப்பிடியே மின்னுது. மறுநாள் அவ சேலையத் தொவச்சா முந்தானையில சின்னச் சின்னதா நாப்பது ஓட்ட. பேட்டரித் தண்ணி பட்ட எடமெல்லாம் தின்னுருச்சு. "நல்லாத்தான் இருக்கு, கோயமுத்தூர்ல இந்த டிசைனுக்குத் தனி வெல"ன்னு சொன்னேன். ரெண்டு நாள் என்னோட பேசல.

அடுத்தது வேலன் அண்ணன். ஃபேக்டரி பாய்லர்ல இருவது வருஷம் நின்னவரு, ஃபேக்டரி மூடுனதுல இருந்து கைக்கு வேலையில்லாம லயத்துல எது ஓடுனாலும் நிறுத்திட்டு அதக் கழட்டிப் பாக்கற ஆளு. "தங்கச்சி, கரண்டும் நீராவியும் ஒன்னுதான், ரெண்டும் பைப்புல போகுது"ன்னு சொல்லிக்கிட்டே நான் தடுக்கறதுக்குள்ள பேட்டரி வயர மொதல்ல புடுங்கிட்டாரு. "ஐயோ அண்ணே, தாய்மாமன மொதல்ல வெரட்டிட்டீங்களே!"ன்னு நான் கத்துனேன். அவருக்குப் புரியல. "எந்த மாமன்?"ன்னு வாசலப் பாத்தாரு. திருப்பி மாட்டறப்ப, பாய்லர்ல செவப்புன்னா ஆபத்து, தூரத் தள்ளி வெக்கணும்னு செவப்பு வயரக் கறுப்புப் பக்கமும் கறுப்பச் செவப்புப் பக்கமும் மாட்டிட்டாரு. டப்புன்னு ஒரு சத்தம். ஃபியூசு போச்சு. சிகரெட்டு அட்டைக்குள்ள இருக்கற வெள்ளித் தாளச் சுருட்டி அதுல சொருகிட்டு, "பாத்தியா?"ன்னு நின்னாரு. பாத்தேன். செவப்பு எரிஞ்சுது. முன்னயும் செவப்புத்தான் எரிஞ்சுது, ஆனா இப்ப அவரு எரிய வெச்ச செவப்புங்கறதுல அவருக்கு ஒரு சந்தோசம்.

அப்புறம்தான் பஜார்ல ரேடியோ ரிப்பேர் கட வெச்சிருக்கற சில்வஸ்டரக் கூப்புட்டேன். கோயமுத்தூர்ப் பக்கத்துக்காரரு, படிச்சவரு, பேச்சே மரியாத. மூடியத் தொறந்து அந்தச் சிகரெட்டுத் தாளப் பாத்ததும், "ஏனுங்க, இத வெச்ச மகராசன் யாருங்க?"ன்னாரு. வேலன் அண்ணன் அந்த நேரம் பாத்துக் கோழிக்குத் தண்ணி வெக்கப் போயிட்டாரு. சில்வஸ்டர் புது ஃபியூசு போட்டு, முள்ளு வெச்ச மீட்டர எடுத்துத் தொட்டுத் தொட்டுப் பாத்து, "பேட்டரி பட்டினிங்கக்கா, ஆனா உசுரு இருக்குதுங்க"ன்னாரு. பஜாருக்குத் தூக்கிட்டுப் போயி ஒரு நாள் முழுக்க சார்ஜ் ஏத்திக் கொண்டாந்து மாட்டுனாரு. தம்பி, லைட்டு எரிஞ்சுது! மூணு நாள் எரிஞ்சுது. உங்களுக்குக் கடுதாசி எழுத பேப்பர் கூட வாங்கிட்டேன். நாலாம் நாள் செவப்பு. அந்தப் பேப்பர்லதான் இப்ப எழுதறேன்.

மறுபடி வந்து, ஊட்டுக்குள்ள வர்ற பிளேட்டு வயர்ல மீட்டர வெச்சுப் பாத்தாரு. "பதினெட்டு வோல்ட்டு வருதுங்க. பேனல் சுத்தமுங்க"ன்னாரு. ஒரு தடவ மேல ஏறிப் பாத்துடறேன்னு ஏணியில ரெண்டு படி ஏறுனவரு, தகரத்துல பாசி புடிச்சு மஞ்சு ஒழுகறதப் பாத்துட்டு, "எனக்கு ரெண்டு பொம்பளப் புள்ளைங்க இருக்குதுங்கக்கா"ன்னு எறங்கிட்டாரு. நானும் மேல ஏற வேணாம்னு சொல்லிட்டேன். பிளேட்டுக்கு நான் ஒரு கொறையும் வெக்கலையே. மஞ்சு மூட்டந்தான் காரணமோன்னு கேட்டேன். அதுக்கு தபித்தாள் வாசல்ல இருந்தே, "எங்க சர்ச்சு மேலயும் அதே மஞ்சுதாங்க்கா மூடுது, அங்க பிளேட்டு ஜெகஜ்ஜோதியா எரியுதே. உங்க சாமிக்கு உங்க மேல என்னமோ கோவம்"ன்னா. நான் அவ சேலைய ஒரு பார்வ பாத்தேன். உள்ள போயிட்டா.

ஆகக் கூடி சில்வஸ்டர் சொன்ன முடிவு என்னன்னா, பேட்டரி நல்லது, பிளேட்டு நல்லது, வயரு நல்லது. பிளேட்டு குடுக்கறத வாங்கி பேட்டரிக்குத் தராம நடுவுல நிக்கிற ஆளுதான் சரியில்ல. அதாவது பொட்டி. அதாவது கோயமுத்தூர்ல இருந்து வந்த பொட்டி. அதாவது தம்பி, நீங்க வாங்கிட்டு வந்த பொட்டி. "கடைக்காரன் நல்லவன், எனக்குத் தெரிஞ்சவன்"னு சொல்லி வாங்கிட்டு வந்தீங்க. தெரிஞ்சவன்தான் தலையில கட்டுவான், தெரியாதவனுக்கு அந்தத் துணிச்சல் வராது. மனசுல வெச்சுக்கிட்டு மொகத்துல சிரிக்க எனக்குத் தெரியாது, அதனால சொல்லிடறேன். கொழுந்து நிறுக்கற எடத்துல பேச்சு வந்தப்ப, "எங்க கொழுந்தனார் வாங்கித் தந்த பொட்டி சொத்த"ன்னு நான் எல்லார் முன்னாலயும் சொல்லிட்டேன். முப்பது பேராவது இருப்பாங்க. கணக்கப்பிள்ளையும் இருந்தாரு. உங்களுக்குச் சங்கடமா இருந்தா மன்னிக்கணும், ஆனா பொட்டி சொத்ததான்.

மத்தபடி நீங்க சொல்லிட்டுப் போனது எதையும் நான் மீறல. அண்ணன் தவறுன வருஷம் ஊட்டுல பண்டிக கூடாதுன்னீங்க. தீபாவளிக்கு எண்ணெச் சட்டி வெக்கல, தபித்தாள் குடுத்த முறுக்கத்தான் தின்னேன். ஆயுத பூசைக்குக் கவாத்துக் கத்திக்குச் சந்தனம் வெக்கல, கொழுந்துக் கூடைக்கு வெக்கல, அரிவாமணைக்கு வெக்கல. வேலையும் ஒழுங்காப் போறேன். கொழுந்து எடுக்கறது வாரத்துல மூணு நாளுதான். மீதி நாளு, தோட்டத்துல விக்கப் போற சில்வர் ஓக்கு மரத்துக்கெல்லாம் வெள்ளப் பெயிண்டுல பட்டையும் செவப்புப் பெயிண்டுல நம்பரும் போடற வேல. புரட்டாசியில இருந்து அதுதான். கையில பெயிண்டு போகவே மாட்டேங்குது, எப்பேர்ப்பட்ட மழைக்கும் அசையாத பெயிண்டு.

சரி. சொன்ன சொல்லு சொல்லுதான். லைட்டு எரியல. ஞாயித்துக்கிழம கார்த்திகை பொறக்குது. டிரங்குப் பெட்டிய எறக்கித் தொடச்சு வெச்சுட்டேன். நீங்க ஞாயித்துக்கிழம காலைல முத பஸ்ஸுக்கு வந்தா நான் வாசல்ல நிப்பேன். மூணு கோழியும் என்னோட வரும், அது பேச்சுவார்த்தைக்கு இடமில்ல. அதுல கறுப்புக் கோழி முட்டைய யாரும் பாக்காத எடத்துலதான் போடும், உங்க குவாட்டர்ஸ்ல அப்பிடி ஒரு எடம் பாத்து வெக்கச் சொல்லுங்க. தேவானை சாம்பாருக்கு வெல்லம் போடறத நான் ஒன்னும் சொல்ல மாட்டேன். மொதல் மாசம் சொல்ல மாட்டேன். கூரை மேல இருக்கற பிளேட்டக் கழட்டி எறக்கித் தர வேலன் அண்ணன்கிட்டச் சொல்லியிருக்கேன், அதையும் பேட்டரியையும் கொண்டாந்துடலாம். உங்க பொட்டிய நீங்களே கழட்டிக்கங்க. லைட்டு மொதல்ல, பேட்டரி கடைசி.

காம்பரா சாவிய மட்டும் தோட்டத்துல குடுக்க மாட்டேன். அது எங்கிட்டயே இருக்கட்டும். கதவுக்கு உதவாதுதான். இருந்தாலும் இருக்கட்டும்.

பெரியவங்க அத்தனை பேருக்கும் என் கும்பிடு. பிள்ளைகள் மழை நனையாமல் பள்ளிக்கூடம் போய் வரவும், தேவானையின் முழங்கால் மாடிப்படி ஏறி இறங்கவும், தாங்கள் எடுத்த காரியமெல்லாம் பச்சையாக எரியவும் ஆத்தா கண் பார்க்கட்டும்.

இப்படிக்கு,
காளிமுத்து சம்சாரம்
அங்கம்மா

பின்குறிப்பு. வெள்ளிக்கிழமை. மேல எழுதுனதுல நலம் விசாரிச்சது, கரடி, கோழி தவிர மத்த எல்லாத்தையும் நான் அழிச்சுட்டதா நெனச்சுக்கங்க. இம்புட்டு எழுதுனதக் கிழிக்க மனசு வரல, வேற பேப்பரும் இல்ல. இந்தக் கடுதாசிய புதன்கிழமையே தபால்ல போடச் சொல்லி வேலன் அண்ணன்கிட்டக் குடுத்தேன். அவரு சட்டப் பையில வெச்சுட்டு மறந்துட்டாரு. இன்னைக்குக் காலைல பிளேட்டக் கழட்டறதுக்கு ஏணி போட்டு, காலுல சாக்கக் கட்டிக்கிட்டு, அதே சட்டையோட கூரை மேல ஏறுனாரு. பிளேட்டு பள்ளத்துப் பக்கம் பாத்து இருக்கறதால கீழ நிக்கிற யாருக்கும் அதோட மொகம் தெரியாது. ஏறுனவரு பிளேட்ட எட்டிப் பாத்தாரு. அப்புறம், "தங்கச்சி"ன்னாரு. "என்னண்ணே?"ன்னேன். "பிளேட்டுக்கு யாரு பட்ட போட்டது?"

தம்பி, நான்தான். உங்க அண்ணன் எந்த வருஷமும் ஆயுத பூசையன்னைக்குப் பிளேட்டுக்குப் பொட்டு வெக்காம இருந்ததில்ல. கத்திக்கும் கூடைக்கும் நீங்க சொன்னபடி நான் விட்டுட்டேன், மனசு கேட்டுக்கிச்சு. பிளேட்டுக்கு மட்டும் கேக்கல. விடியறதுக்கு முன்னாடி யாருக்கும் தெரியாம, விழுந்தா விழறேன்னு ஏறிட்டேன். சந்தனம் வெச்சா மழ வந்து அழிச்சுட்டுப் போயிரும். எந் நெத்தியில இருந்தத நாலு பேரு சேந்து அழிச்சப்ப நான் ஒன்னும் சொல்லல. இதுக்காவது அழியாம இருக்கட்டும்னு, மரத்துக்கு அடிக்கிற வெள்ளப் பெயிண்டுல இந்தக் கோடியில இருந்து அந்தக் கோடி வரைக்கும் மூணு பட்ட, நடுவுல செவப்புப் பெயிண்டுல தோச அளவுக்கு ஒரு பொட்டு. அது பாக்கத் திருவிழாவுக்குப் போற மாடு மாதிரி அம்புட்டு லட்சணமா இருந்துச்சு. அன்னையில இருந்துதான் லைட்டு மங்குச்சுன்னு எனக்குத் தோணவே இல்ல. சாமிக்குச் செஞ்சது கெடுதல் பண்ணும்னு யாருக்குத் தோணும்?

நான் இத அப்பிடியே அங்க சொல்லிட்டேன். மொதல்ல தபித்தாள்தான் சிரிக்க ஆரம்பிச்சா. "அடிப்பாவி அக்கா! பண்டிக இல்லேன்னு எங்கிட்ட ஒரு டப்பா முறுக்கு வாங்கித் தின்னுட்டு மேல ஏறிப் பண்டிக கொண்டாடியிருக்கியே! எஞ் சேலையில நாப்பது ஓட்ட!"ன்னு அடிவயித்தப் புடிச்சுக்கிட்டு ஒக்காந்துட்டா. அவளே போயி மண்ணெண்ணெயும் பழைய பிளேடும் கொண்டாந்தா, வேலன் அண்ணன் மத்தியானம் வரைக்கும் சொரண்டுனாரு. சில்வஸ்டர் வந்து பாத்துட்டு, "பட்ட போட்டா வோல்ட்டு காட்டுமுங்க, ஆனா கரண்டு நடக்காதுங்க. ஒரு கட்டம் மறஞ்சாலும் வரிசையில நிக்கிற அத்தனையும் நின்னுருமுங்க. நானு முப்பது வருஷமா ரிப்பேர் பாக்கறேன், பொட்டு வெச்ச பேனல இப்பத்தானுங்க பாக்கறேன்"ன்னாரு. அவரு ஏணியில ஏறாமப் போனதுக்குக் கடைசி வரைக்கும் ஒரு வார்த்த சொல்லல, நானும் கேக்கல.

பொட்டி நல்ல பொட்டி. உங்க கடைக்காரர் நல்லவரு. திங்கக்கிழம கொழுந்து நிறுக்கற எடத்துல, கணக்கப்பிள்ள இருக்கறப்பவே, "எங்க கொழுந்தனார் வாங்கித் தந்தது தங்கமான பொட்டி"ன்னு சத்தமாச் சொல்லிடறேன். அன்னைக்கு இருந்த முப்பது பேரும் வர்றாங்களான்னு பாத்துட்டுத்தான் சொல்லுவேன்.

இன்னொன்னு. சொரண்டி முடிச்சதும் வேலன் அண்ணன், "தங்கச்சி, இங்கயும் ஒன்னு இருக்கு, இதையும் எடுத்துடவா?"ன்னு கேட்டாரு. எதுன்னு நானே ஏறிப் பாத்தேன். பிளேட்டச் சுத்தி இருக்கற அலுமினியச் சட்டத்துல, கீழ் மூலையில, உள் மடிப்புல மழ படாத எடத்துல, மொளகு அளவுக்குக் குங்குமம். ஒன்னு மேல ஒன்னா வெச்சு வெச்சுக் காஞ்சு கெட்டியா இருக்கு. உங்க அண்ணன் பொட்டு வெச்சது அங்க. கண்ணாடியத் தொடவே இல்ல மனுசன். வருஷா வருஷம் வெச்சாரு, கீழ நின்னு ஏணியப் புடிச்ச எனக்கு எங்க வெச்சாருன்னு தெரியல. அத எடுக்க வேணாம்னு சொல்லிட்டேன்.

அதனால நான் வரல. டிரங்குப் பெட்டியத் திருப்பி மேல ஏத்தியாச்சு. நீங்க ஞாயித்துக்கிழம கட்டாயம் வாங்க, தேவானையையும் புள்ளைகளையும் கூட்டிட்டு வாங்க, சாப்புட்டுட்டு சாயங்காலம் இருந்து லைட்டப் பாத்துட்டுப் போகலாம். புதுப் பொட்டி ஏதும் வாங்கிட்டு வந்துடாதீங்க. இந்தக் கடுதாசிய சில்வஸ்டர் நாளைக்குக் குன்னூர் போறப்ப உங்க ஊட்டுலயே குடுத்துடறதாச் சொல்லியிருக்காரு. வேலன் அண்ணன் கையில குடுக்கல.

இத எழுதறப்ப மணி மூணு. மஞ்சு கொஞ்சம் வெலகி வெயில் அடிக்குது. எந்திரிச்சுப் போயி நல்லாக் கிட்ட நின்னு பாத்துட்டு வந்துதான் எழுதறேன். பச்ச எரியுது.